காற்று வருமுன் பையைக் கட்டு

கொல்கத்தா நகரின் தெற்குப் பகுதியில் உள்ளது கரியாஹாட். ராஷ்பிஹாரி அவென்யூவும் கரியாஹாட் சாலையும் அங்கே சந்திக்கின்றன. நாற்சந்தியின் மேலே மேம்பாலம். கீழே டிராம் பாதை, பஸ், ஆட்டோ. இரு பக்கமும் நடைபாதைக் கடைகள். புடவை, வளையல், செருப்பு, பாத்திரம், காய்கறி, மீன் என்று எல்லாம் கிடைக்கும். கிழக்கே சிறிது தூரத்தில் பாலிகஞ்ச் ரயில் நிலையம். சுற்று வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்களும் பல தலைமுறையாக வாழ்கின்றன.

தமிழ்நாட்டில் புயல் என்றால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. வங்காளத்தில் இன்னொரு காற்றுக் காலமும் உண்டு. பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் அது வரும். பகல் முழுவதும் வெயில் கொளுத்தும். மாலையில் வடமேற்கு வானம் கறுக்கும். தூசி எழும். மரங்கள் வளையும். பிறகு இடி, மின்னல், மழை, சில நேரம் ஆலங்கட்டி. ஒரு மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்துவிடும்.

இந்தக் காற்றை வங்காளிகள் 'கால்பைசாகி' என்கிறார்கள். நமது சித்திரை மாதமே அவர்களுக்குப் பைசாக மாதம். பைசாக மாதத்தில் வரும் கேடு என்பது அந்தப் பெயரின் பொருள்.

வெயிலில் வெந்தவர்களுக்கு இந்தக் காற்று இதம். ஆனால் இதே காற்று உயிரையும் வாங்கும்.

மூன்று வகைக் காற்று

காற்றில் மூன்று வகையைப் பிரித்து அறிய வேண்டும்.

முதலாவது, புயல். இது கடலில் பிறக்கும். பல நூறு கிலோமீட்டர் அகலம் இருக்கும். கரைக்கு வர நாள் கணக்கில் ஆகும். அதனால் முன்கூட்டியே எச்சரிக்கை கிடைக்கும்.

இரண்டாவது, கால்பைசாகி. இது நிலத்தில் பிறக்கும். மேற்கே ஜார்க்கண்டில் சோட்டா நாகபுரி மேட்டு நிலம் வெயிலில் காயும். வங்கக் கடலிலிருந்து ஈரக் காற்று உள்ளே வரும். அதன் மேலே வறண்ட காற்று வீசும். சூடான ஈரக் காற்று வேகமாக மேலே ஏறி உயரமான இடி மேகமாகும். அந்த மேகம் கிழக்கே நகர்ந்து கொல்கத்தாவுக்கு வரும். இதற்குச் சில மணி நேரம் முன்னால்தான் உறுதியான எச்சரிக்கை கிடைக்கும்.

மூன்றாவது, சுழற்காற்று. ஆங்கிலத்தில் டோர்னடோ என்பார்கள். இது இடி மேகத்தின் அடியிலிருந்து பிறக்கும். யானைத் துதிக்கை போலத் தரைக்கு இறங்கும். அதன் அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான். பல சுழற்காற்றுகள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அது போகும் பாதையில் உள்ளதை எல்லாம் பிய்த்து எறியும். பக்கத்துத் தெருவில் ஓர் ஓடுகூட அசையாமல் இருக்கலாம்.

இந்தத் தெருவுக்குச் சுழற்காற்று வரும் என்று காலையிலேயே யாராலும் சொல்ல முடியாது. எச்சரிக்கை முறை நன்கு வளர்ந்த அமெரிக்காவிலேயே சில நிமிடம் முன்புதான் மக்களுக்குத் தெரிகிறது. அந்தச் சில நிமிடத்தில் பெட்டியைத் திறந்து ரேஷன் கார்டைத் தேட முடியாது. செருப்பைத் தேட முடியாது. எச்சரிக்கை வரும்போது எல்லாம் தயாராக இருந்தால்தான் அந்த நிமிடங்கள் உயிர் காக்க உதவும்.

நடந்தவை

சுழற்காற்று வங்காளத்துக்குப் புதிதல்ல.

1983 ஏப்ரல் 12 அன்று வடக்கு 24 பர்கனாவில் கைகாட்டா பகுதியைச் சுழற்காற்று தாக்கியது. 1998 மார்ச் 24 அன்று மேதினிபூரில் தாந்தன் பகுதியையும் பக்கத்து ஒரிசா கிராமங்களையும் தாக்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தில் மாணிக்கஞ்ச் மாவட்டத்தைத் தாக்கியது. ஏறக்குறைய 1,300 பேர் இறந்தனர். உலகிலேயே மிக அதிக உயிர்களைப் பறித்த சுழற்காற்று என்று அதைச் சொல்கிறார்கள்.

அண்மையிலும் நடந்தது. 2024 மார்ச் 31, ஞாயிற்றுக்கிழமை. வடக்கு வங்காளத்தில் ஜல்பாய்குரி, மைனாகுரி பகுதிகளில் சில நிமிடம்தான் காற்று சுழன்றது. ஐந்து பேர் இறந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயம் அடைந்தனர். தகரக் கூரை வீடுகள் பல இருந்த இடம் தெரியாமல் போயின.

கொல்கத்தா மறக்காத நாள் 2020 மே 20. அன்று ஆம்பன் புயல் கரை கடந்தது. டம்டம் விமான நிலையத்தில் மணிக்கு 130 கிலோமீட்டருக்கும் மேலான வேகம் பதிவானது. நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்தன. பல பகுதிகளில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை. மோட்டார் ஓடாததால் மாடி வீடுகளில் குடிக்கத் தண்ணீர் இல்லை. செல்பேசியும் பல இடங்களில் வேலை செய்யவில்லை.

பெரிய புயல்தான் ஆளைக் கொல்லும் என்பதில்லை. 2022 மே 21 அன்று மாலை வந்தது சாதாரணக் கால்பைசாகிதான். கரியாஹாட்டுக்கு அருகே உள்ள ரவீந்திர சரோவர் ஏரியில் மாணவர்கள் படகு ஓட்டிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். காற்றில் படகு கவிழ்ந்தது. பள்ளிச் சிறுவர்கள் இருவர் இறந்தனர்.

எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது?

1864 அக்டோபரில் ஒரு பெரும் புயல் கொல்கத்தாவைத் தாக்கியது. பல்லாயிரம் பேர் இறந்தனர். அதன் பிறகுதான் வானிலையைக் கவனிக்க ஓர் அரசுத் துறை வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது. 1875-இல் இந்திய வானிலைத் துறை தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைமையிடம் கொல்கத்தாவே. இன்றும் நகரின் அலிப்பூரில் வானிலை அலுவலகம் இருக்கிறது. கரியாஹாட்டிலிருந்து அது சில கிலோமீட்டர் தூரம்தான்.

வானிலைத் துறை நான்கு நிறங்களில் சொல்கிறது.

பச்சை: பயமில்லை.
மஞ்சள்: கவனமாக இருங்கள்.
ஆரஞ்சு: தயாராக இருங்கள்.
சிவப்பு: உடனே செயல்படுங்கள்.

அடுத்த சில மணி நேரத்துக்கான எச்சரிக்கை செல்பேசிக்கும் வரும். ரேடியோவிலும் தொலைக்காட்சியிலும் சொல்வார்கள். மின்னல் எங்கே விழுகிறது என்று சொல்ல 'தாமினி' என்ற செயலி இருக்கிறது. அதைச் செல்பேசியில் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

கொல்கத்தாவில் எச்சரிக்கை பெரும்பாலும் வங்க மொழியில் வரும். சில சொற்களைக் காதில் வாங்கி வைத்தால் போதும். 'ஜட்' என்றால் காற்றுடன் கூடிய புயல். 'கூர்ணிஜட்' என்றால் கடலிலிருந்து வரும் பெரும் புயல். 'பிருஷ்டி' என்றால் மழை. 'பஜ்ரபாத்' என்றால் இடி விழுதல். 'சதர்கதா' என்றால் எச்சரிக்கை. 'ஹலுத்' மஞ்சள். 'கமலா' ஆரஞ்சு. 'லால்' சிவப்பு.

காற்றில் எது ஆளை அடிக்கிறது?

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் வலு நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. ஆகவே நேற்று வரை தாங்கிய கூரை இன்று தாங்கும் என்று நம்பக் கூடாது.

காற்று மட்டும் வந்து அடிப்பதில்லை. அது தூக்கி வரும் பொருள்கள்தான் ஆளை அடிக்கின்றன. தகரம், ஓடு, கண்ணாடித் துண்டு, மரக்கிளை, விளம்பரப் பலகை, மாடியில் வைத்த பூந்தொட்டி இவை எல்லாம் பறந்து வரும்.

கரியாஹாட்டில் இதை நன்றாக யோசிக்க வேண்டும். 2019 ஜனவரியில் நாற்சந்தி அருகே ஒரு பெரிய கட்டடம் தீப்பிடித்தது. தீயை வளர்க்கும் என்பதால் நடைபாதைக் கடைகளின் பிளாஸ்டிக் கூரைகளை அகற்றச் சொன்னார்கள். தகரக் கூரை போட்ட கடைகள் வந்தன. தீக்குத் தகரம் நல்லது. காற்றுக்கு? ஆணி கழன்ற தகரம் பறக்கும் கத்தி. ஆகவே சித்திரை பிறக்கும் முன் ஒவ்வொரு தகரத்தையும் ஆட்டிப் பார்த்து, ஆணியும் கம்பியும் முறுக்கிக் கட்ட வேண்டும்.

பழைய வீடுகளும் ஆபத்து. 2024 மே மாதம் ரேமல் புயலின்போது எண்டாலியில் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்து ஒருவர் இறந்தார். பழைய பால்கனியின் கீழ் ஒதுங்கக் கூடாது.

எதை உடுத்த வேண்டும்?

எது அடிக்கிறது என்று தெரிந்தால் எதை உடுத்துவது என்பதும் தெரியும்.

காலில்: மூடிய ஷூ வேண்டும். கான்வாஸ் ஷூ இருந்தாலும் போதும். ரப்பர் செருப்பு கூடாது. தண்ணீரில் அது கழன்று போகும். ஆணியும் அதைத் துளைத்துவிடும். காற்று ஓய்ந்த பிறகு தெருவெங்கும் கண்ணாடியும் ஆணியும் தகரமும் கிடக்கும். பலருக்கு அப்போதுதான் கால் கிழிகிறது. இரவில் எச்சரிக்கை இருந்தால் ஷூவைக் கட்டிலருகே வைத்துக்கொண்டு படுக்க வேண்டும்.

உடலில்: முழுக்கை, முழுக்கால் உடை நல்லது. கெட்டியான துணி தோலைக் காக்கும். ஆண்கள் வேட்டி, லுங்கிக்குப் பதில் பேண்ட் போடலாம். பெண்களுக்குச் சல்வார் வசதி. புடவைதான் பழக்கம் என்றால் முந்தானையை இழுத்து இடுப்பில் செருக வேண்டும். கொசுவத்தைச் சற்று உயர்த்திக் கட்ட வேண்டும். துப்பட்டா காற்றில் பறந்து எதிலாவது சிக்கும். அதைக் கழற்றிப் பையில் வைக்க வேண்டும்.

தலையில்: ஹெல்மெட் இருந்தால் அதைப் போட வேண்டும். ஸ்கூட்டர் ஹெல்மெட், சைக்கிள் ஹெல்மெட், கட்டட வேலை ஹெல்மெட் எதுவும் சரி. இல்லாவிட்டால் தலையணை, மடித்த ரஜாய், மெத்தை இவற்றால் தலையையும் கழுத்தையும் மூட வேண்டும். ஆனால் ஹெல்மெட்டைத் தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது. முதலில் பாதுகாப்பான இடம். பிறகுதான் ஹெல்மெட்.

கண்ணாடி போடுபவர்கள் அதை நாடாவால் கட்டிக்கொள்ள வேண்டும். கூந்தலை இறுக்கிப் பின்ன வேண்டும். மழைக்கோட்டு நல்லது. குடை கூடாது. காற்று குடையை மட்டும் தூக்காது. பிடித்த கையையும் இழுக்கும்.

குழந்தைகளுக்கு: பெயர், அப்பா அம்மா பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் ஊக்கு குத்தி வையுங்கள். வங்காளத்தில் வாழும் தமிழ்க் குழந்தைக்கு இது மிகவும் தேவை. பயத்தில் குழந்தைக்குப் பேச்சு வராது. தாள் பேசும்.

பையில் என்ன வைக்க வேண்டும்?

தோளில் மாட்டும் பை ஒன்று போதும். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். ஒரு கை குழந்தையைப் பிடிக்க, மறு கை சுவரைப் பிடிக்க.

1. ஆவணங்கள்: ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை, வங்கிப் பாஸ்புக், கேஸ் புத்தகம், மருத்துவச் சீட்டு. நடைபாதை வியாபாரியாக இருந்தால் வியாபாரச் சான்றும் வேண்டும். இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டவும்.
2. தண்ணீர்: ஆளுக்கு ஒரு பாட்டில். வீட்டில் தனியாகக் குடத்திலும் வாளியிலும் நிரப்பி மூடி வைக்கவும்.
3. உணவு: பொரி, அவல், வெல்லம், பிஸ்கட், பொட்டுக்கடலை. அடுப்பு இல்லாமல் உண்ணக் கூடியவை வேண்டும். பொரிக்கு வங்காளத்தில் பஞ்சம் இல்லை.
4. மருந்து: சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா மாத்திரைகள் ஒரு வாரத்துக்கு. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், பஞ்சு, கட்டுத் துணி, கிருமி மருந்து.
5. டார்ச் விளக்கும் புது பேட்டரியும். செல்பேசி, சார்ஜர். முடிந்தால் பவர் பேங்க். பேட்டரியில் ஓடும் சிறிய ரேடியோ.
6. விசில்: இடிபாட்டில் சிக்கியவர் கத்திக் கத்திக் களைத்துப் போவார். விசில் ஊதினால் குறைந்த மூச்சில் வெகு தூரம் கேட்கும்.
7. சில்லறைப் பணம்: மின்சாரம் இல்லாவிட்டால் ஏடிஎம் ஓடாது. செல்பேசியில் பணம் அனுப்பவும் முடியாது.
8. ஒரு மாற்றுடை, துண்டு, பெண்களுக்கு மாதவிலக்குத் துணி, குழந்தைக்குப் பால் பவுடர்.
9. ஒரு சிறு நோட்டு, பென்சில்.

நோட்டு எதற்கு? செல்பேசி அணைந்துவிட்டால் அதில் உள்ள எண்களும் அணைந்துவிடும். ஆகவே உறவினர், அண்டை வீட்டார் எண்களை உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள். இந்த எண்களையும் சேர்த்து எழுதுங்கள். அவசர உதவி 112. தீயணைப்பு 101. மாநிலப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1070.

ஒரு தாயும் மகளும்

நடைபாதையில் இட்லி விற்கும் ஒரு தமிழ்த் தாயை எண்ணிப் பாருங்கள். மாலை நேரம். பள்ளி விட்டு மகள் கடைக்கு வருகிறாள்.

"அம்மா, போன்ல மெசேஜ் வந்திருக்கு. ஆரஞ்சு போட்டிருக்கான்."

"இருடி. மாவு பாதிக்கு மேல இருக்கு. ஆபீஸ் விடுற நேரம். ஒரு மணி நேரம் கழிச்சு மூடலாம்."

"இரண்டு மணி நேரத்துக்குள்ள காத்து வரும்னு போட்டிருக்கும்மா. மேற்கே பாரு, கறுத்துட்டு வருது."

"மாவு வீணாப் போனா நாளைக்கு அரிசி வாங்கக் காசு யாரு கொடுப்பா?"

பக்கத்துக் கடைப் புடவைக்காரர் வங்காளி. அவர் பேச்சைக் கேட்டுத் திரும்புகிறார்.

"பௌதி, ஆம்பன் அன்னைக்கு நானும் இப்படித்தான் நின்னேன். கடை போச்சு. மறுபடி போட்டுட்டேன். தலையில தகரம் விழுந்திருந்தா மறுபடி யாரு போடுவா?"

தாய் ஒரு கணம் யோசிக்கிறாள். பிறகு முதலில் அடுப்பை அணைக்கிறாள். சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுகிறாள். மகள் பிளாஸ்டிக் விரிப்பைச் சுருட்டிக் கயிற்றால் கட்டுகிறாள். தொங்கும் கரண்டிகளையும் பலகையையும் இறக்கிப் பெட்டிக்குள் வைக்கிறாள்.

"மிச்ச மாவை என்னம்மா செய்யறது?"

"தூக்கிட்டு வா. வீட்டுல ஊத்தி எல்லாருக்கும் கொடுத்துடலாம். பைய எடுத்தியா?"

"எடுத்தேன். நீ எழுதின சீட்டுப்படி எல்லாம் இருக்கு. விசில் மட்டும் தம்பி கிட்ட இருக்கு."

"அவன் ஊதி ஊதி உடைச்சிருப்பான். போய் முதல்ல அதை வாங்கு."

தாய்க்கு நேர்ந்த இழப்பு அரை நாள் விற்பனை. அது சிறிய இழப்பு அல்ல. ஏழைக்கு ஒவ்வொரு நாளும் பெரியதுதான். ஆனால் அது ஈடு செய்யக் கூடிய இழப்பு.

எங்கே ஒதுங்க வேண்டும்?

வீட்டில் இருந்தால்: மிகக் கீழ்த் தளம். வீட்டின் நடுவில் உள்ள சிறிய அறை. ஜன்னல் இல்லாத இடம். குளியலறை, மாடிப்படியின் அடி, நடைவழி இவை நல்லவை. கனமான மேசை இருந்தால் அதன் அடியில் குந்தி, தலையைக் கைகளால் மூட வேண்டும். ஜன்னலைச் சாத்திவிட்டு அதைவிட்டு விலகுங்கள். வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள். மெயின் ஸ்விட்சை அணையுங்கள்.

தகர வீட்டில் இருந்தால்: எச்சரிக்கை கிடைத்ததும் அருகே உள்ள கான்கிரீட் கட்டடத்துக்குப் போங்கள். எந்தக் கட்டடம், யாரிடம் சாவி என்று இன்றே கேட்டு வையுங்கள்.

தெருவில் இருந்தால்: உறுதியான கட்டடத்தின் உள்ளே போங்கள். மரத்தடி கூடாது. விளம்பரப் பலகை அடி கூடாது. ஏரிக்கரை கூடாது. மழை வந்தால் மேம்பாலத்தின் அடியில் நிற்பது கரியாஹாட் பழக்கம். மழைக்கு அது சரி. ஆனால் சுழற்காற்றுக்கு மேம்பாலம் காப்பு அல்ல. இரு பக்கமும் திறந்திருப்பதால் காற்று உள்ளே புகுந்து பொருள்களை வீசும்.

மின்னலைக் கணக்கிடலாம். மின்னல் தெரிந்ததும் ஒன்று, இரண்டு என்று நொடிகளை எண்ணுங்கள். இடி கேட்டதும் நிறுத்துங்கள். எண்ணை மூன்றால் வகுங்கள். அத்தனை கிலோமீட்டர் தூரத்தில் மின்னல் இருக்கிறது. முப்பதுக்குள் இடி கேட்டால் வெளியே இருக்கக் கூடாது. கடைசி இடி கேட்ட பிறகு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

காற்று ஓய்ந்த பிறகு

காற்று நின்றதும் ஓடி வெளியே வரக் கூடாது. பெரும் புயலின் நடுப்பகுதி கடக்கும்போது காற்று சற்று அடங்கும். பிறகு எதிர்ப் பக்கத்திலிருந்து மீண்டும் வீசும். ரேடியோவில் சொல்லும் வரை பொறுத்திருங்கள்.

தேங்கிய நீரில் இறங்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 இரவிலும் 23 விடியற்காலையிலும் கொல்கத்தாவில் பெருமழை கொட்டியது. ஏறக்குறைய 25 சென்டிமீட்டர். பலர் இறந்தனர். பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறக்கவில்லை. நீரில் பாய்ந்த மின்சாரம் தாக்கி இறந்தனர். விழுந்த கம்பியைத் தொடாதீர்கள். விளக்குக் கம்பம், இரும்புக் கதவு, கடையின் இரும்புச் சட்டம் இவற்றையும் நனைந்த கையால் தொடாதீர்கள். ஒருவர் மின்சாரம் தாக்கிக் கிடந்தால் அவரைக் கையால் இழுக்காதீர்கள். முதலில் மின்சாரத்தை நிறுத்தச் செய்யுங்கள். 112-க்குப் பேசுங்கள்.

கேஸ் வாசனை வந்தால் தீக்குச்சி கிழிக்காதீர்கள். ஸ்விட்சைப் போடாதீர்கள். கதவைத் திறந்து வெளியேறுங்கள்.

ஆணி குத்தினாலோ தகரம் கிழித்தாலோ சோப்பு போட்டுக் கழுவுங்கள். மருத்துவமனைக்குப் போய் டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

உங்கள் மாடியில் தனியாக வாழும் முதியவர் உண்டா? முதலில் அவர் கதவைத் தட்டுங்கள். ஆம்பன் வந்தபோது தண்ணீர்க் குடத்தை மாடிக்குத் தூக்க முடியாமல் தவித்தவர்கள் அவர்களே.

தெரிந்து கொண்ட சொற்கள்

கால்பைசாகி, சுழற்காற்று, எச்சரிக்கை, ஆவணம், ரெகுலேட்டர், இடிபாடு, மின்கம்பி, கட்டுப்பாட்டு அறை.

விடை கூறுங்கள்

1. புயலுக்கும் சுழற்காற்றுக்கும் என்ன வேறுபாடு?
2. ஆரஞ்சு நிற எச்சரிக்கை வந்தால் என்ன செய்ய வேண்டும்?
3. ரப்பர் செருப்பு ஏன் கூடாது?
4. மேம்பாலத்தின் அடி சுழற்காற்றுக்கு ஏன் காப்பு ஆகாது?
5. இட்லிக் கடைத் தாய் முதலில் எதை அணைத்தாள்? ஏன்?

கணக்கு

1. மின்னல் தெரிந்து 15 நொடி கழித்து இடி கேட்டது. மின்னல் எத்தனை கிலோமீட்டர் தூரம்?
2. ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் 4 லிட்டர் தண்ணீர். வீட்டில் 5 பேர். மூன்று நாளைக்கு எத்தனை லிட்டர் பிடித்து வைக்க வேண்டும்?

செய்து பாருங்கள்

உங்கள் பையில் வைக்க வேண்டியவற்றைப் பட்டியலாக எழுதுங்கள். எழுதியதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். வைத்தவற்றுக்கு எதிரே கோடு போடுங்கள். ஒருநாள் மாலை விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் பையையும் ஷூவையும் எடுத்துக்கொண்டு மாடிப்படியடிக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதி வையுங்கள். அடுத்த வாரம் மீண்டும் செய்யுங்கள். நேரம் குறைகிறதா என்று பாருங்கள்.